வலி நீளும்போது வாக்குத்தத்தத்தை எப்படிப் பிடித்துக்கொள்வது?

கேள்வி: எனக்கு இப்போது எட்டாவது மாதம். இரண்டாவது குழந்தை. முதல் பிரசவத்தில் வலி எடுத்ததிலிருந்து குழந்தை பிறக்கும்வரை கிட்டத்தட்ட முப்பது மணி நேரம் ஆனது. மாதக்கணக்கில் ஏசாயா 41:10-ஐச் சொல்லிச் சொல்லி, கர்த்தர் சீக்கிரம் சுகப்பிரசவம் தருவார் என்று நம்பித்தான் போனேன். பாதி ராத்திரிக்கு மேல் ஒரு வசனம்கூட வாயில் வரவில்லை. கத்தினேன். "என்னைக் கைவிட்டுட்டீரே" என்று அழுதேன். கடைசியில் வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் ஊசியைக் கேட்டு வாங்கினேன். குழந்தை நலமாகப் பிறந்தது. பிறகு சபையில் ஓர் அக்கா, "விசுவாசத்தோட இருந்திருந்தா இவ்வளவு நேரம் ஆகியிருக்காது" என்றார். அது இன்றும் குத்துகிறது. இப்போது ஆஸ்பத்திரி வாசலில் கால் வைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. இந்த முறை எந்த வாக்குத்தத்தத்தைப் பிடித்துக்கொள்வது? மறுபடி ஊசி கேட்டால் அது அவிசுவாசமா? மனதில் சமாதானத்தோடு பிரசவ அறைக்குள் போக முடியுமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த அக்கா சொன்னதைத் தீர்த்துவிடுவோம். அது உள்ளே உட்கார்ந்திருக்கும்வரை நான் எதைச் சொன்னாலும் உங்களுக்குள் இறங்காது.

நான் போதகர் இல்லை. பிரசவ அறையில் வேலை பார்க்கிற செவிலி. உங்களைப் போல ஜெபிக்கிறவள். பிரசவம் நீள்வதற்கான காரணங்கள் உடம்பில் இருக்கின்றன. முதல் பிரசவம் என்பதே ஒரு காரணம். கருப்பை வாய் முதன்முறையாக மெலிந்து, மிருதுவாகி, பிறகு விரிய வேண்டும். அப்புறம் குழந்தை இறங்கும் வாக்கு. பெரும்பாலான குழந்தைகள் தாயின் முதுகைப் பார்த்தபடி இறங்கும். சில குழந்தைகள் முகத்தை மேலே வைத்துக்கொண்டு, தாயின் வயிற்றுப் பக்கம் பார்த்தபடி இறங்கும். அப்படி வந்தால் தலை திரும்பி வழி கண்டுபிடிக்க நேரமாகும், இடுப்பும் முதுகும் விண்டுபோகிற மாதிரி வலிக்கும். மருந்து கொடுத்து வலி வரவைத்த பிரசவங்களும் பல நேரம் இழுக்கும். இதில் எதுவும் உங்கள் விசுவாசத்தின் அளவைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. முழங்காலில் நின்று வாழ்ந்த பெண்களுக்கு ஒரு நாளைத் தாண்டி வலி நீண்டிருக்கிறது. கடவுளே இல்லை என்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரி வந்து சேர்வதற்குள் பிள்ளை பிறந்திருக்கிறது. பிரசவ அறையில் கொஞ்ச காலம் நின்ற யாரும் இதைச் சொல்வார்கள்.

இயேசுவே பிரசவ வலியைப் பற்றிப் பேசியிருக்கிறார், யோவான் 16:21-இல். பிரசவகாலம் வந்திருக்கும்போது அவள் துக்கமடைகிறாள், பிள்ளை பெற்ற பிறகு சந்தோஷத்தினால் அந்த உபத்திரவத்தை நினையாள் என்கிறார். வலிப்பவளை அவர் அங்கே ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அவர் சொல்லாததை அந்த அக்கா சொல்ல வேண்டியதும் இல்லை.

அடுத்தது, அந்த முப்பது மணி நேரம். இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நிறையப் பெண்களின் விசுவாசம் உடைவது இந்தக் கணக்கில்தான். பிரசவத்துக்கு முன்கட்டம் என்று ஒன்று உண்டு. வலி வரும், போகும், ஒழுங்கில்லாமல் இருக்கும். கருப்பை வாய் மெல்ல மெல்லத் தயாராகும். இதற்கு இத்தனை மணி நேரம் என்று வரையறையே கிடையாது. ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளே சொல்கின்றன. சிலருக்கு ஒரு நாள்கூட ஆகலாம். கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் விரிந்த பிறகுதான் தீவிரக் கட்டம் தொடங்குகிறது. அது முதல் பிரசவத்தில் பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டாது, அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்தைத் தாண்டாது. பிறகு தள்ளிப் பெறும் கட்டம்: முதல் முறை 3 மணி நேரம்வரை, அடுத்த முறை 2 மணி நேரம்வரை. ஆக, உங்கள் முப்பது மணி நேரத்தில் பெரும்பகுதி முன்கட்டமாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் முதல் வலியிலிருந்தே கடிகாரத்தை ஓடவிட்டால், உண்மையான வேலை தொடங்கும்போதே மனது களைத்திருக்கும். "இன்னுமா?" என்று வீட்டிலிருந்து போன் மேல் போன் வந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரிய வேண்டும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. எல்லாப் பெண்களுக்கும் அது பொருந்தாது, ஆரோக்கியமான சிலருக்கு அது நடைமுறைக்கு ஒவ்வாத வேகம் என்று அதே பரிந்துரைகள் சொல்லிவிட்டன. ஆனாலும் அந்தக் கணக்கு எல்லார் தலையிலும் இருக்கிறது. பிரசவ அறையில் நான் அடிக்கடி பார்க்கிற காட்சி இது: பரிசோதித்துவிட்டுக் கையுறையைக் கழற்றும்போது அந்தப் பெண்ணின் கண் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். "நாலு" என்பார். நான்கு மணி நேரத்துக்கு முன்னாலும் நாலுதான். ஒன்றும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அதுவரை மூச்சோடு சேர்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்த வசனம் அந்த இடத்தில் நின்றுவிடும். அந்த நான்கு மணி நேரத்தில் கருப்பை வாய் மெலிந்திருக்கலாம், குழந்தையின் தலை கொஞ்சம் திரும்பியிருக்கலாம், கீழே இறங்கியிருக்கலாம். எண் அதையெல்லாம் சொல்லாது. அவள் ஜெபம் சென்டிமீட்டரில் தொங்கிக்கொண்டிருந்தது, சென்டிமீட்டர் நகரவில்லை, அதனால் ஜெபமும் விழுந்தது. இந்த முறை உங்களுக்கு எண் தெரிய வேண்டாம் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். "எனக்குச் சொல்லாதீங்க, எல்லாம் சரியா போகுதான்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்கிறவர்கள் உண்டு. அதில் தப்பே இல்லை.

சரி, வாக்குத்தத்தத்துக்கு வருவோம். நீங்கள் பிடித்திருந்த வசனத்தையே எடுத்து நிதானமாகப் படியுங்கள்: "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன், திகையாதே, நான் உன் தேவன், நான் உன்னைப் பலப்படுத்தி உனக்குச் சகாயம்பண்ணுவேன், என் நீதியின் வலதுகரத்தினால் உன்னைத் தாங்குவேன்." இதில் உடன் இருப்பது இருக்கிறது, பலப்படுத்துவது இருக்கிறது, சகாயம் இருக்கிறது, தாங்குவது இருக்கிறது. சீக்கிரம் என்பது எங்கே இருக்கிறது? வலிக்காது என்பது எங்கே இருக்கிறது? அவற்றை நாமாக அந்த வசனத்தின் தலையில் ஏற்றிவிட்டோம். பிறகு நாம் ஏற்றியது நடக்கவில்லை என்றதும், வசனமே பொய்த்துவிட்டதாக நினைத்து அழுகிறோம். இன்னும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நிற்க முடிகிறவளைத் தாங்க வேண்டிய அவசியம் என்ன? தாங்குவேன் என்று ஒருவர் சொல்கிறார் என்றால், நாம் நிற்க முடியாமல் போகும் நேரம் வரும் என்பதைத் தெரிந்துதான் சொல்கிறார்.

கர்ப்பிணிகளுக்கென்று கைமாறி வருகிற சில வசனங்கள் உண்டு, உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். யாத்திராகமம் முதல் அதிகாரத்தில், மருத்துவச்சி போய்ச் சேருமுன்னே எபிரெய ஸ்திரீகள் பிரசவித்துவிடுகிறார்கள் என்று வருகிறதே, அதைச் சீக்கிரப் பிரசவத்துக்கான வாக்குத்தத்தமாக அனுப்புவார்கள். அதைச் சொல்வது கர்த்தர் அல்ல. சிப்பிராளும் பூவாளும், ஆண்பிள்ளைகளை ஏன் உயிரோடு விட்டீர்கள் என்று பார்வோன் விசாரித்தபோது சொன்ன பதில் அது. என் தொழில்காரிகள் இருவரின் சமயோசிதத்தில் எனக்கு ஏகப்பட்ட பெருமை, அது வேறு விஷயம். ஆனால் அதை உங்கள் பிரசவத்துக்கான நேர உத்தரவாதமாக எடுத்துக்கொண்டு போனால் நடுராத்திரியில் கை வெறுமையாகத்தான் இருக்கும். ஏசாயா 66-இல் பிரசவத்தைப் பற்றி வருகிற வாக்கும் அப்படித்தான்: சீயோன் தன் பிள்ளைகளைப் பெறுவதைப் பற்றி, ஒரு ஜனத்தின் மீட்பைப் பற்றிப் பேசுகிறது. கர்த்தர் தொடங்கியதை முடிப்பார் என்ற ஆறுதலை அதிலிருந்து தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். எத்தனை மணிக்கு என்று மட்டும் அதைக் கேட்கக் கூடாது.

அப்படியானால் எதைப் பிடிப்பது? என்னைக் கேட்டால், 22-ஆம் சங்கீதம் என்பேன். ஆச்சரியமாக இருக்கும். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று தொடங்குகிற சங்கீதம் அது. நீங்கள் அன்று ராத்திரி கத்தியதும் ஏறக்குறைய இதுதான். இயேசு சிலுவையில் கூப்பிட்டதும் இதுதான். அதே சங்கீதத்தின் ஒன்பதாம் வசனம், "நீரே என்னைக் கர்ப்பத்திலிருந்து எடுத்தவர்" என்கிறது. கர்ப்பத்திலிருந்து பிள்ளையை எடுக்கிறது யார் வேலை? என் வேலை. மருத்துவச்சியின் வேலை. கைவிட்டுவிட்டீரே என்று கதறுகிற அதே வாய், சில வரிகள் தள்ளி, தேவனைப் பிரசவ அறையில் கை நீட்டிக்கொண்டு நிற்கிறவராகப் பார்க்கிறது. அந்தக் கதறலை வேதத்திலிருந்து யாரும் வெட்டி எடுத்துவிடவில்லை. உங்கள் கதறலும் ஜெபக் கணக்கில்தான் சேர்ந்திருக்கிறது. "விட்டுட்டீரே" என்று நீங்கள் யாரிடம் சொன்னீர்கள்? அவரிடம்தானே சொன்னீர்கள்.

கத்தியதற்காக வெட்கப்படுகிறீர்கள் என்று கடிதத்தில் தெரிகிறது. ஏசாயா 42:14-இல் கர்த்தர் தம்மையே பிள்ளை பெறுகிறவளைப் போலச் சத்தமிடுகிறவராகச் சொல்கிறார். வேறு எத்தனையோ சத்தங்கள் இருக்க, தமக்கு அந்தச் சத்தத்தைத் தேர்ந்தெடுத்தவர், நீங்கள் கத்தியதைக் கேட்டு முகம் சுளித்திருப்பாரா? அப்புறம் வசனம் வாயில் வரவில்லை என்ற கவலை. ரோமர் 8:26, எப்படி வேண்டிக்கொள்வது என்று தெரியாத நேரத்தில் ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்கிறது. பிரசவ வலியின் உச்சத்தில் இருக்கிறவளிடம் இருப்பதெல்லாம் பெருமூச்சுதான்.

நீங்கள் வாக்குத்தத்தத்தைப் பிடித்துக்கொள்வது பற்றியே கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு குழந்தை இருக்கிறது. தோளில் தூங்கிப்போன பிறகு அதன் கை நழுவிவிடும், உங்கள் கழுத்தைப் பிடித்திருக்காது. அதனால் அது கீழே விழுந்துவிடுகிறதா? நீங்கள் பிடித்திருக்கிறீர்களே. முதல் பிரசவத்தில் பாதி ராத்திரிக்கு மேல் நழுவியது உங்கள் கை. தாங்குவேன் என்றவரின் வலதுகரம் நழுவியதாக வசனத்தில் இல்லை.

இப்போது நடைமுறைக்கு வருவோம். சமாதானம் பிரசவ அறையில் எந்த இடத்தில் வாழ்கிறது? வலிக்கும் வலிக்கும் நடுவில். தீவிரக் கட்டத்தில் பத்து நிமிடத்துக்கு மூன்றிலிருந்து ஐந்து முறை வலி வரும்; ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக இருக்கும். நான்கு முறை என்று வைத்துக்கொண்டால், பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம் வலி, ஆறு நிமிடம் இடைவெளி. கொடுமையான கட்டத்திலும் பாதிக்கு மேல் வலியில்லாத நேரம். ஆனால் நிறையப் பேர் அந்த ஆறு நிமிடத்தையும் அடுத்த வலியை எண்ணிப் பயந்தே செலவழித்துவிடுகிறார்கள். தோள் இறங்காது, தாடை இறுகியிருக்கும், கட்டில் கம்பியைப் பிடித்த கை விடாது. வலி போன பிறகும் உடம்புக்குப் போனது தெரிவதில்லை.

மலைப்பிரசங்கத்தில், "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று ஒரு வரி உண்டு. அதைப் பிரசவ அறைக்கு ஏற்றபடி நான் சொல்வேன்: அந்தந்த வலிக்கு அதினதின் பாடு போதும். இந்த வலியை மட்டும் கடந்தால் போதும். பத்தாவது வலிக்கான பெலன் பத்தாவது வலியில் வரும், இப்போது கையில் இல்லை என்று தேட வேண்டாம். வலி இறங்கியதும் செய்ய வேண்டியது ஒன்றுதான். வாயை லேசாகத் திறந்து மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். தாடை தளரும், தோள் தானாக இறங்கும். அந்த மூச்சோடு இரண்டு மூன்று வார்த்தைதான் போகும், நீளமான வசனம் போகாது. அதனால்தான் ஏசாயா 41:10 முழுவதையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தும் உங்களால் சொல்ல முடியவில்லை. அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சை இழுக்கும்போது "நான் உன்னுடனே", விடும்போது "இருக்கிறேன்". ராத்திரி நீண்டால் 121-ஆம் சங்கீதத்தின் "உன்னைக் காக்கிறவர் உறங்கார்" என்ற துண்டு நல்லது. எல்லாரும் அசந்துபோகிற விடியற்காலையில் அதற்குத் தனி ருசி உண்டு. இரண்டுக்கு மேல் வேண்டாம். இன்றிலிருந்தே படுக்கப் போகும்போது ஐந்து நிமிடம் இப்படி மூச்சு விட்டுப் பழகுங்கள். பழகிய மூச்சு, மூளை வேலை செய்யாத நேரத்திலும் தானாக வரும்.

பயம் உடம்பை இறுக்கும், இறுக்கம் வலியைக் கூட்டும், வலி மறுபடி பயத்தைக் கூட்டும் என்று கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய மருத்துவர் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சொன்னார். எல்லா வலியையும் அவர் பயத்தின் கணக்கில் எழுதியது எனக்கு ஒப்பில்லை. தைரியமான பெண்ணுக்கும் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தச் சுழற்சி உண்மை, அதனால் மூச்சும் வசனமும் உதவும். ஒரு எச்சரிக்கை மட்டும்: சமாதானமாக இருந்தால் சீக்கிரம் பிறக்கும் என்று இதையும் ஒரு பேரமாக்கிவிடாதீர்கள். அப்புறம் சமாதானமாக இருக்கிறேனா என்று உங்களையே நீங்கள் சோதித்துக்கொண்டிருக்க வேண்டி வரும். பிலிப்பியர் 4:7-இல், தேவசமாதானம்தான் உங்கள் இருதயத்தையும் சிந்தையையும் காத்துக்கொள்ளும் என்று இருக்கிறது. காவல் வேலை அதனுடையது, உங்களுடையதில்லை.

உங்கள் பக்கத்தில் யார் இருக்கப் போகிறார்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரசவம் முழுக்க ஒருவர் விடாமல் கூடவே இருந்தால் என்ன ஆகிறது என்று 26 ஆய்வுகளை, 15,000-க்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு ஒன்று, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பிலிருந்து, 2017-இல் வந்தது. அப்படித் துணை இருந்தவர்களுக்கு இயல்பாகப் பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடியது, சிசேரியன் குறைந்தது, பிரசவ நேரமும் ஓரளவு குறைந்தது, பிரசவத்தைப் பற்றிய கசப்பும் குறைந்தது. கூட ஒருவர் இருப்பது இவ்வளவு வேலை செய்கிறது. தேவன் வாக்குக் கொடுக்கும்போது மறுபடி மறுபடி "உன்னுடனே இருக்கிறேன்" என்பதையே ஏன் கொடுக்கிறார் என்று அந்த ஆய்வைப் படித்தபோது நான் யோசித்தேன்.

கணவரோ, அம்மாவோ, யார் வந்தாலும் அவரிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: "வசனம் சொல்லு, ஜெபம் பண்ணு" என்று உங்களைச் சொல்லச் சொல்லக் கூடாது. அதை அவர் சொல்ல வேண்டும், மெதுவாக, காதருகே, வலியின் நடுவில் அல்ல, வலி இறங்கும்போது. முதுகில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொள்வது, ஈரத்துணியால் முகம் துடைப்பது, தண்ணீர் கொடுப்பது, எழுந்து நடக்கத் தோள் கொடுப்பது, இவையும் அவர் வேலைதான். யாத்திராகமம் 17-இல் மோசேயின் கைகள் அசந்துபோனபோது ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று, சூரியன் அஸ்தமிக்கும்வரை தாங்கினார்கள். மோசேயை யாரும் விசுவாசமில்லாதவன் என்று சொல்லவில்லை. கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கிய கதையிலும், இயேசு பார்த்தது தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தை. உங்கள் விசுவாசம் தீர்ந்துபோன மணி நேரங்களில் வேறொருவர் விசுவாசிக்கட்டும். அதற்குத்தான் சபை. அந்த அக்காவை மட்டும் அன்றைக்குக் கூப்பிட வேண்டாம், பிரசவம் முடிந்த பிறகு வந்து பார்க்கட்டும்.

வலி நிவாரணி கேட்பது அவிசுவாசமா என்ற கேள்வி புதிதல்ல. 1847-இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் என்ற மருத்துவர் பிரசவத்தில் முதலில் ஈதரையும், பிறகு குளோரோஃபார்மையும் பயன்படுத்தினார். "வேதனையோடே பிள்ளை பெறுவாய்" என்று ஆதியாகமம் 3:16 சொல்கிறதே, அதைத் தடுக்கலாமா என்று ஆட்சேபணை எழுந்தது. சிம்ப்சனும் வேதத்திலிருந்தே பதில் எழுதினார்: ஆதாமின் விலா எலும்பை எடுக்கும் முன் தேவன் அவனுக்கு அயர்ந்த நித்திரையை வரப்பண்ணினார் என்று அதற்கு முந்தின அதிகாரத்தில்தானே இருக்கிறது என்றார். 1853-இல் விக்டோரியா மகாராணி தன் எட்டாவது பிரசவத்தில் குளோரோஃபார்மைப் பயன்படுத்திக்கொண்ட பிறகு அந்தப் பேச்சு அடங்கத் தொடங்கியது. என் பங்குக்கு ஒன்று: ஆதியாகமம் 3-இலேயே நிலம் முள்ளும் குருக்கும் முளைப்பிக்கும் என்றும் இருக்கிறது. அதற்காகக் களை எடுக்கிறவனை யாரும் அவிசுவாசி என்பதில்லை. பெண்ணின் வலிக்கு மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு?

முதுகில் போடும் அந்த எபிட்யூரல் ஊசியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். அது சிசேரியன் வாய்ப்பைக் கூட்டுவதில்லை. தள்ளும் கட்டம் சற்று நீளலாம், சிலருக்கு இரத்த அழுத்தம் இறங்கலாம், அதனால் கண்காணிப்பில் வைப்பார்கள். நீண்ட பிரசவத்தில் களைத்துப்போன பெண் அதன் பிறகு ஒரு மணி நேரம் கண்ணயர்ந்து, பெலனோடு எழுந்து பிள்ளையைத் தள்ளிப் பெற்றதை நிறையப் பார்த்திருக்கிறேன். சகாயம்பண்ணுவேன் என்றவர் மயக்க மருந்து நிபுணரின் கை வழியாகச் சகாயம் பண்ணக் கூடாதா? வேண்டும் என்றால் கேளுங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள். இரண்டிலும் ஆவிக்குரிய மதிப்பெண் எதுவும் இல்லை.

ஆனால் விசுவாசத்தின் பெயரால் எதையும் தள்ளிப்போடக் கூடாத இடங்கள் உண்டு. நீர் உடைந்து பச்சை நிறமாக வந்தால், இரத்தம் போனால், குழந்தையின் அசைவு குறைந்தால், காய்ச்சல் வந்தால், கடுமையான தலைவலியோ கண் மங்கலோ இருந்தால், ஜெபித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வீட்டில் உட்கார்ந்து ஜெபித்துவிட்டுப் பிறகு கிளம்புவது கூடாது. அதேபோல, பிரசவம் உண்மையிலேயே முன்னேறாமல் நின்று சிசேரியன் வேண்டும் என்று டாக்டர் சொன்னால் சரி என்று போங்கள். தியேட்டர் கதவுக்கு வெளியே அந்த வாக்குத்தத்தம் நின்றுவிடாது.

கடைசியாக அந்தப் படபடப்பு. இதை நீங்கள் ஒற்றை வரியில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. கடினமான பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு அந்த ராத்திரி திரும்பத் திரும்பக் கண்முன் வரும், கனவில் வரும், அந்த இடத்துக்குப் போனாலே உடம்பு நடுங்கும். இது அறியப்பட்ட ஒரு மனநலப் பாதிப்பு, இதற்குச் சிகிச்சை உண்டு. ஜெபக்குறைவு என்று மூடி வைத்தால் பிரசவ அறையில் அது இன்னும் பலமாகத் திரும்பி வரும். தூக்கம் கெடுகிற அளவுக்கு இருந்தால் மனநல ஆலோசகரை இந்த மாதமே பாருங்கள், உங்கள் டாக்டரிடம் கேட்டால் அனுப்பி வைப்பார். அவ்வளவு இல்லை என்றாலும், பிரசவ நாளுக்கு முன்னால் ஒரு நாள், வலி எதுவும் இல்லாதபோது, கணவரோடு போய்ப் பிரசவ அறையைப் பார்த்துவிட்டு வர அனுமதி கேளுங்கள். அந்தக் கட்டிலருகே நின்று இரண்டு மூச்சு விட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு போங்கள். அன்றைக்கு எத்தனை மணிக்குத் தீவிரக் கட்டம் தொடங்கியது, ஏன் நீண்டது, குழந்தை எந்த வாக்கில் இருந்தது என்று டாக்டரிடம் கேளுங்கள். இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் முதலாவதைவிடக் குறைந்த நேரத்தில் முடியும், ஆனால் அதை நான் வாக்குத்தத்தமாகத் தரப் போவதில்லை. எபிட்யூரல் எந்த நேரத்திலும் கிடைக்குமா, கூட ஒருவரை உள்ளே விடுவார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் இதற்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.